புழுதி விதைப்பு: முதல் மழைக்கே விதைக்கலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி – செப்டம்பர் 11

முதுகுளத்தூர் பக்கம் எங்கள் நிலம். நேற்று இரவு நல்ல மழை. கோடை உழவு முடிந்து, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல் விதைக்கப் புழுதி தயாராக இருக்கிறது. ஈரம் காய்வதற்குள் விதைத்துவிடு என்கிறார்கள் பக்கத்து நிலத்துக்காரர்கள். அப்பாவோ அக்டோபர் பிறக்கட்டும் என்கிறார். கையில் இருப்பது அண்ணா ஆர் 4 நெல் விதை. கண்மாய்ப் பாசனம் கிடையாது. எது சரி?

பதில் – செப்டம்பர் 11, இரவு

இந்த ஈரத்தில் இந்த விதையைப் போடாதீர்கள், தம்பி. அடுத்த மழை வராமல் போய்விடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மழை ஒழுங்காக வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அண்ணா ஆர் 4 நூறு, நூற்றைந்து நாள் நெல். இன்று முளைத்தால் நவம்பர் கடைசி வாரம் பூக்கும். டிசம்பர் 25-ஐ ஒட்டி அறுப்புக்கு வரும். நம் மாவட்டத்தில் மழை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பூ, வயல் காயாத நேரத்தில் அறுப்பு. மழை பொய்த்தாலும் நட்டம், பெய்தாலும் நட்டம் என்ற இடத்தில் போய் நிற்பீர்கள்.

செப்டம்பர் 12

பூக்கும்போது மழை பெய்தால் நெல்லுக்கு என்ன, அது தண்ணீர்ப் பயிர்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நெல் பூ காலை ஒன்பது மணிக்கு மேல் திறக்கும், நண்பகலுக்குள் மூடிவிடும். ஒவ்வொரு பூவும் திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அடித்துப் பெய்தால் மகரந்தம் நனைந்து வீணாகும். பூ திறக்காமலேயே போவதும் உண்டு. ஒரு கதிர் முழுவதும் பூத்து முடிய ஒரு வாரம் எடுக்கும் என்பதால் ஒருநாள் மழையில் எல்லாம் போய்விடாது. நான்கைந்து நாள் விடாமல் பெய்தால் கதிரில் பாதி பதராகும். எஞ்சியதில் நெற்பழ நோய் வரும், மஞ்சள் உருண்டையாக. பச்சைப் பசேல் என்று நின்ற வயல் பதராகப் போவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

செப்டம்பர் 14

என் கணக்கை விரிவாக எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறீர்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 820 மில்லிமீட்டரை ஒட்டி. அதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு வடகிழக்குப் பருவமழை. அந்தப் பருவமழை தமிழகக் கரையில் தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20. நவம்பர் உச்சம். டிசம்பரில் படிப்படியாகக் குறையும், நடுவில் ஒரு புயல் வந்தால் தவிர. பொங்கலுக்கு முன்பின் வானம் தெளியும்.

ஆகவே பூ டிசம்பர் 15-க்குப் பிறகு வர வேண்டும், அறுப்பு பொங்கலுக்குப் பிறகு வர வேண்டும். இந்த இரண்டையும் முதலில் நட்டுவைத்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுகிறேன். பூத்ததில் இருந்து அறுப்புக்கு எந்த ரகமானாலும் ஏறக்குறைய முப்பது நாள். ரகங்களுக்குள் வித்தியாசம் எல்லாம் பூப்பதற்கு முந்திய காலத்தில்தான்.

இன்னொன்று, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: புழுதியில் போட்ட விதைக்கு வயது விதைத்த நாளில் தொடங்குவதில்லை, நனைந்த நாளில் தொடங்குகிறது. செப்டம்பர் 15-இல் போட்டு அக்டோபர் 10-இல் நனைந்தால் அதன் பிறந்தநாள் அக்டோபர் 10. நூற்றைந்து நாள் நெல் என்றால் டிசம்பர் 24-ஐ ஒட்டிப் பூ, ஜனவரி 23-ஐ ஒட்டி அறுப்பு. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு இல்லை.

அதே நெல் செப்டம்பர் நடுவில் நனைந்துவிட்டால் கணக்கு கெடும். அப்போது போட வேண்டியது 130, 135 நாள் நெல். கோ 50, டி.கே.எம். 13 போன்றவை. செப்டம்பர் 12-இல் முளைத்த 135 நாள் நெல் ஜனவரி 25-இல் அறுப்புக்கு வரும். மழை முந்தினால் நீண்ட வயது, பிந்தினால் குறுகிய வயது. நம் பக்கத்தில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் மழை விழுந்த உற்சாகத்தில் குறுகிய வயது நெல்லைப் போட்டுவிட்டு, மழை பிந்திய ஆண்டில் கையில் மிஞ்சிய நீண்ட வயது நெல்லை நவம்பரில் போட்டுத் தண்ணீருக்கு அலைகிறார்கள்.

அதனால்தான் எங்கள் வீட்டில் இரண்டு வயது விதையும் எப்போதும் இருக்கும். ஒன்று பயன்படாமல் போனால் அரிசியாகிவிடும், நட்டமில்லை.

செப்டம்பர் 15

"மழை நன்றாகப் பிடித்த பிறகு விதைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று கமுதி ஐயா எழுதியிருக்கிறார். ஐயா, உங்களுடையது கரிசல். பிடித்த மழைக்குப் பிறகு அந்த மண்ணில் டிராக்டர் இறங்குமா? சேறாகிவிட்ட கரிசலில் உழ முடியாது, நாற்று நட நின்ற தண்ணீரும் இருக்காது. இரண்டும் இல்லாத அந்த இடைவெளியில் பதினைந்து நாள் போய்விடும். மழையே மூன்று மாதம். அதில் பதினைந்து நாளைத் தூக்கிக் கொடுக்க நம்மால் முடியாது. நம் முன்னோர் புழுதியில் விதைத்ததற்குக் காரணம் அதுதான். விழுகிற முதல் நல்ல மழையின் முதல் நாளையே பயிரின் முதல் நாளாக்கிக்கொள்ளும் முறை அது.

செப்டம்பர் 15, மாலை

எவ்வளவு ஆழம் என்று யாருமே கேட்கவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

கையால் வீசி மேலோட்டமாகக் கலப்பை ஓட்டினால் பாதி விதை மேல் மண்ணிலேயே கிடக்கும். பத்து மில்லிமீட்டர் தூறலுக்கே அது முளைத்துவிடும், அடியில் ஈரம் இருக்காது, ஒரு வாரத்தில் கருகும். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் விதையைச் சின்னத் தூறல் எட்டாது. அதை எழுப்பும் அளவுக்கு மழை பெய்தால் வேரைத் தாங்கவும் மண்ணில் ஈரம் இருக்கும். பொய் மழைக்கும் மெய் மழைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் வேலையை ஆழம் செய்துவிடுகிறது. மானாவாரிச் சோளத்தைக் கரிசலில் மழைக்கு முன்பே ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

அதற்கு மேல் ஆழம் போனாலும் ஆபத்து. குட்டை ரகங்கள் மேலே வரத் திணறும். விதைப்புக் கருவி வாடகைக்குக் கிடைத்தால் வீசாதீர்கள், வரிசையில் போடுங்கள்.

விதையைக் கடினப்படுத்துவதையும் மறக்க வேண்டாம். ஒரு சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் இரவு முழுவதும் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்த வேண்டும். முளைத்தபின் வரும் வறட்சியைத் தாங்கும்.

செப்டம்பர் 23

தம்பி, உங்களுடையது செம்மண் கலந்த மணல் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். அப்படியானால் மேலே எழுதியதைச் சற்று மாற்ற வேண்டும். களிமண்ணில் ஒரு நல்ல மழை பெய்தால் இளம் பயிர் பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். மணலில் அதில் பாதிதான். கரிசல்காரர் செப்டம்பர் நடுவில் விதைக்கலாம். நீங்கள் அக்டோபர் முதல் வாரம்வரை பொறுக்கலாம். மழை பெய்த மூன்றாம் நாளே உங்கள் மண்ணில் உழவு இறங்கும் என்பதால் காத்திருப்பதில் உங்களுக்கு இழப்பு குறைவு. அப்பா சொன்னது உங்கள் மண்ணை அறிந்து சொன்னது. அவர் பேச்சைக் கேளுங்கள்.

பக்கத்து நிலத்துக்காரர்கள் 11-ஆம் தேதி விதைத்தது முளைத்து, நுனி சுருண்டு நிற்கிறது என்கிறீர்கள். உடனே உழுதுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். காலையில் இலை விரிந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள்.

அக்டோபர் 2

இன்று கணக்கு வேண்டாம், காற்றைப் பற்றி எழுதுகிறேன்.

தொண்டிக் கரையில் ஒரு பெரியவர் இருக்கிறார், மீன்பிடித் தொழில். கச்சான் நின்றுவிட்டதா, வாடை திரும்பிவிட்டதா என்று அவரிடம் கேட்காமல் என் அப்பா விதைப் பெட்டியைத் திறக்க மாட்டார். தென்மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான் ஓய்ந்து, கடல் அசையாமல் கிடந்து, பிறகு வடகிழக்கில் இருந்து காற்று எழுந்தால் மழை பக்கத்தில் இருக்கிறது. இப்போது கைப்பேசியில் வானிலைப் படம் பார்க்கிறேன், ஐந்து நாள் முன்னறிவிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனாலும் காற்று திரும்பிவிட்டதா என்று அவரிடம் கேட்பதை நான் நிறுத்தவில்லை. இரண்டும் ஒன்றையே சொல்லும்போது மனத்துக்குத் தெம்பாக இருக்கிறது.

அக்டோபர் 9

நனைந்தது! எங்கள் பக்கம் ஒரே இரவில் முப்பது மில்லிமீட்டருக்குக் குறையாது. திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் முழுவதும் பெய்திருக்கிறது. புழுதியில் விதைத்த எல்லோரும் இன்றைய தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். உரம், மருந்து, மடை, அறுவடை வண்டி எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் நாள்.

களைக்கொல்லி தெளிப்பவர்கள் முளைப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போதே தெளித்துவிட வேண்டும். அளவை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புழுதி நெல்லில் நெல்லும் களையும் ஒரே நாளில் பிறக்கின்றன. முதல் முப்பது நாள் களையை விட்டுவிட்டால் பிறகு மழை எவ்வளவு பெய்தாலும் அது களைக்குத்தான் போகும்.

அக்டோபர் 10

தம்பி, நீங்கள் 5-ஆம் தேதி விதைத்தது என்ன ஆயிற்று? எழுதுங்கள்.

அக்டோபர் 21

ஒரு வாரமாக வெயில். பலருக்குப் பதற்றம், எனக்கும் இருக்கிறது. 2016-ஐப் பார்த்தவர்கள் எப்படிப் பதறாமல் இருக்க முடியும்? அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. எங்கள் வயலில் பயிர் முழங்கால் உயரத்தில் நின்று காய்ந்தது. ஆட்டுக் கிடையை உள்ளே விட்டோம். அம்மா அந்தப் பக்கம் போகவே மறுத்துவிட்டார்.

அந்த ஆண்டில் எந்தத் தேதிக் கணக்கும் யாரையும் காப்பாற்றியிருக்காது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படிப்பட்ட ஆண்டில் கையில் மிஞ்சுவது காப்பீடு மட்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலும் (கிராம நிர்வாக அலுவலர் தரும் பயிர்ப் பதிவு) வங்கிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் இ-சேவை மையத்தில் நிற்கிற கூட்டத்தில் போய் நிற்க வேண்டாம். குத்தகைக்கு உழுபவர்களும் சேரலாம்.

நவம்பர் 6

மழை பிடித்துவிட்டது, பயிர் பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டுகிறது. யூரியாவை மழைக்கு முதல் நாள் போடாதீர்கள், மழை விட்ட மறுநாள் போடுங்கள். அவ்வளவுதான் இன்று.

நவம்பர் 8

பரமக்குடிச் சகோதரி கேட்டது: நெல் விதைக்கவே முடியாமல் போன இரண்டு ஏக்கர் இருக்கிறது, இப்போது என்ன போடலாம்? நவம்பர் முதல் வாரத்தில் முளைக்கும் நூற்றைந்து நாள் நெல் பிப்ரவரி 18-ஐ ஒட்டி அறுப்புக்கு வரும். பால் பிடிப்பது ஜனவரி பிற்பகுதியில். கண்மாய்த் தண்ணீர் உறுதியாக இருந்தால் மட்டும் நெல். இல்லாவிட்டால் குதிரைவாலி. தொண்ணூற்றைந்து நாளில் வந்துவிடும், தண்ணீரும் நெல்லுக்குக் கேட்கும் அளவு கேட்காது. வாங்க ஆள் வீடு தேடி வரமாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் தரிசாகப் போடுவதற்கு இது மேல்.

டிசம்பர் 7

கண்மாய் மடை பற்றிய சண்டை இங்கேயும் வந்துவிட்டது. எங்கள் ஊரிலும் நேற்று இதே பேச்சு, மாலை தொடங்கி இரவுவரை.

நான்கு நாள் மழை இல்லை என்றதும் மடையைத் திற என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். கூடுதல் நாள் எடுக்கும் ஆர்.என்.ஆர். நெல் போட்டவர்கள் ஜனவரி வரை தண்ணீர் வேண்டும் என்று மூடச் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது, தண்ணீர் ஒன்றுதான்.

என் கருத்து இது. தூர் கட்டும் பருவத்தில் நான்கைந்து நாள் காய்ந்தால் நெல் செத்துவிடாது, காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்றுதான் நம் பெரியவர்களே சொன்னார்கள். கதிர் தண்டுக்குள் திரண்டு பொதி கட்டியதில் இருந்து பால் முற்றும் வரையிலான ஒரு மாதம்தான் நெல் தண்ணீருக்குத் தவிக்கும் காலம். அப்போது ஒரு வாரம் காய்ந்தாலும் மணி சுருங்கும். நவம்பரில் அவசரத்துக்குத் திறந்த ஒவ்வொரு நாளும் ஜனவரியில் ஒரு பாய்ச்சலைக் குறைக்கிறது. வானம் தரும்வரை வானத்துத் தண்ணீர், கண்மாய்த் தண்ணீர் கடைசிக்கு.

எங்கள் ஊரில் கண்மாய்த் தண்ணீரைப் பிரித்துவிடும் நீர்ப்பாய்ச்சி வீடு வீடாகப் போய் யார் வயல் எப்போது நனைந்தது, என்ன நெல் என்று எழுதி வாங்கியிருக்கிறார். ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். எந்தப் பக்கத்து வயல் எந்த வாரம் பொதி கட்டும் என்று அதில் தெரிகிறது. அதை வைத்து மடை முறை போட்டோம். பேச்சு ஓய்ந்தது அந்த நோட்டால்தான். கண்மாய் உள்ள எல்லா ஊரும் இதைச் செய்யலாம், ஒரு பைசா செலவில்லை.

வைகையில் இருந்து பார்த்திபனூர் மதகு வழியாகத் தண்ணீர் வரும் ஊர்களுக்கு நிலைமை வேறு. அங்கே அணை திறக்கும் தேதியையும் சேர்த்து எண்ண வேண்டும்.

டிசம்பர் 8

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. மணல் வயலுக்கு "நான்கைந்து நாள் காயலாம்" என்பது பொருந்தாது. முறை போடும்போது மணல் வயல்களை முதலில் வையுங்கள்.

டிசம்பர் 26

பூத்துக்கொண்டிருக்கிறது. மேகம் இல்லை. காலை பத்து மணிக்கு வரப்பில் நின்று பார்த்தேன், வயல் முழுவதும் வெளிர் மஞ்சளாக மகரந்தப் பைகள் தொங்குகின்றன. இந்த வாரம் யாரும் காலையில் மருந்து அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால் மாலையில் அடியுங்கள். மார்கழிப் பனிக்குக் கதிரின் கழுத்தில் குலை நோய் வரும். தினமும் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள்.

ஜனவரி 8

2021 ஜனவரியைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். அந்த ஆண்டு பருவமழை விலகியதே ஜனவரி 19-ஐ ஒட்டி. பொங்கலை ஒட்டிய நாட்களில், முற்றி நின்ற பயிர் மேல் நாள் கணக்கில் பெய்தது. டெல்டாவிலும் நம் மாவட்டத்திலும் கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது, கிடந்த கதிரிலேயே முளைவிட்டது. எங்கள் தெருவில் நெல்லைக் கையால் அரிந்து, வரப்பில் விரித்து, சாக்குப் போட்டு மூடி, மறுபடி மழை வந்து, மறுபடி விரித்து... அரிசியாக்கினால் அது நொய்யாகத்தான் வந்தது.

அப்போது சிலர் ஐந்து சதவீத உப்புக் கரைசலைக் கதிர் மேல் தெளித்தார்கள். வேளாண்மைத் துறை சொல்லும் முறைதான்: சாதாரண உப்பு, லிட்டருக்கு 50 கிராம். முளைப்பதை அது சில நாள் தள்ளிப்போடும். வெயில் வரும்வரை அந்தச் சில நாள் போதும். ஆகவே ஜனவரியில் வீட்டில் ஒரு மூட்டை உப்பு வைத்திருங்கள்.

முக்கியமாக ஒன்று: அறுத்து வயலில் காயப்போட்ட நெல் மழையில் கெட்டாலும், அறுத்த 14 நாளுக்குள் என்றால் காப்பீட்டில் இடம் உண்டு. 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். படம் எடுத்துவையுங்கள்.

ஜனவரி 12

பத்தில் எட்டு மணி மஞ்சளாகிவிட்டால் அறுக்கலாம். அடிக்கதிரில் நாலு பச்சை மணி இருக்கிறதே என்று காத்திருந்தால் மேல்மணி உதிரும். தண்ணீரைப் பத்து நாள் முன்பே வடித்துவிடுங்கள்; தரை இறுகினால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்கும். சேறாக இருந்தால் பெல்ட் வண்டிதான், வாடகை அதிகம், கிடைப்பதும் கடினம். வண்டிகள் வெளி மாவட்டத்தில் இருந்து வருகின்றன, எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்கிறோம். அக்டோபர் 9-ஐக் குறித்துவைத்தவர்கள் இன்றே பேசிவிடலாம்.

ஜனவரி 25

அறுத்தாயிற்று. எங்கள் வயல் நன்றாக வந்திருக்கிறது. ஏக்கர் கணக்கைக் கேட்பவர்களிடம் ஒன்று சொல்கிறேன்: களத்தில் காய்ந்து எடை போட்ட பிறகுதான் விளைச்சல் பற்றிப் பேசுவேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. மழை மிகுந்த ஆண்டுகளில் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் தளர்த்துவார்கள் என்று நம்பிக் காயவைக்காமல் கொண்டுபோகாதீர்கள். காலை வெயிலில் விரித்து, அரைமணிக்கொரு முறை கிளறி, மாலையில் பனி விழுமுன் குவித்து மூடுங்கள்.

தம்பி, உங்கள் பக்கத்து நிலத்துக்காரர்கள் டிசம்பர் கடைசியில் அறுத்தார்கள் என்றும், ஈரத்தோடு வியாபாரியிடம் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்து வருத்தமாக இருந்தது. சுருண்ட பயிரை உயிரோடு மீட்டெடுத்த உழைப்பு அது. அடுத்த ஆண்டு அவர்களுக்கு 135 நாள் விதை வேண்டும் என்றால் சொல்லுங்கள், என்னிடம் இருக்கும்.

பிப்ரவரி 3

நெல் அறுத்த ஈரத்தில் பருத்தி போடலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். களிமண், ஜனவரிக்குள் அறுத்தது, பக்கத்தில் கிணறோ கண்மாயில் மிச்சத் தண்ணீரோ உண்டு என்றால் இந்த வாரமே போடுங்கள். மணல் வயலில் வேண்டாம். தம்பி, உங்கள் வயலில் கோடை மழைக்கு ஓர் உழவு மட்டும் போட்டுவையுங்கள், அடுத்த புழுதிக்கு மண் பொலபொலவென்று இருக்கும்.